காணொளிக் கூடம் அமைத்தல்: சபைக்குச் சொந்தமான லினக்ஸ் வழங்கியில் ஜிட்சி

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் சார்ந்து இயங்கும் வாசகர் வட்டங்கள், ஊர்ச் சங்கங்கள், ஆலய நிர்வாகக் குழுக்கள், வார இறுதித் தமிழ் வகுப்புகள் ஆகியவற்றில், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் அவசியம் கருதி மேற்கொள்ளப்பட்ட ஒரு வழக்கம், அந்தக் காலம் கழிந்து பல வருஷங்கள் சென்ற பின்னும் கைவிடப்படாமல் நிலைத்துவிட்டது. செயலாளர் ஜூரோங்கில் தம் வீட்டில் இருக்க, பொருளாளர் பொங்கோலிலிருந்து கணக்கு வாசிக்க, சிறப்புரை ஆற்ற வேண்டியவர் தஞ்சாவூரிலிருந்தே வந்து சேர்ந்துகொள்ள, மாதாந்தரக் கூட்டம் திரையின் வழியாகக் கிரமமாக நடந்தேறுவது இன்று எவருக்கும் அதிசயமாகத் தோன்றுவதில்லை. பெரும்பாலான ஸ்தாபனங்கள் இதற்கெனப் பெருநிறுவனங்களின் சேவைகளையே உபயோகிக்கின்றன. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆயினும், நம்முடைய கூட்டத்துக்கு யார் வரலாம், எவ்வளவு நேரம் பேசலாம், பேசியது எங்கே சேமிக்கப்படும் என்னும் விஷயங்களை நாமே தீர்மானிக்க விரும்பினால், கூடமும் நம்முடையதாக இருத்தல் வேண்டும். அத்தகைய கூடம் ஒன்றை, ஜிட்சி என்ற திறமூல மென்பொருளைக் கொண்டு, லினக்ஸ் யந்திரத்தில் அமைப்பது எவ்வாறு என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

இந்த விருப்பம் வீண் வைராக்கியத்திலிருந்து பிறப்பதன்று என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் கூறலாம். 2020 ஏப்ரலில் மாணவர்கள் இல்லத்திலிருந்தே கற்கத் தொடங்கிய முதல் வாரத்தில், இணையவழிப் பாடமொன்றினுள் அந்நியர் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டியமையால், சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஜூம் செயலியை உபயோகிப்பதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, பந்தோபஸ்து ஏற்பாடுகளைப் பலப்படுத்திய பின்னரே மீண்டும் அனுமதித்தது. மற்றொன்று, ஜிட்சி மென்பொருளை வளர்ப்போரே நடத்தும் பொது வழங்கியில், எவரும் பெயர்கூடச் சொல்லாமல் அறை திறக்கலாம் என்றிருந்த சௌகரியம் 2023 ஆகஸ்டில் மாற்றப்பட்டு, அறையைத் திறப்பவர் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் ஆகியவற்றுள் ஒரு கணக்கின் வழியாகத் தம்மை அடையாளம் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. துஷ்பிரயோகத்தைத் தடுக்க அவ்விதி அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அது நம்மைக் கேட்டு வகுக்கப்பட்ட விதியன்று.

இணையத்தில் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொள்ளும் முயற்சி சிங்கப்பூர்த் தமிழர்க்குப் புதியதுமன்று. எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி அவர்கள், தமிழ் எழுத்துரு எந்தக் கணினியிலும் ஒரேவகையாக இல்லாதிருந்த 1995ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பொன்று வலையேறியபோது, தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலேயே தோன்றுமாறு செய்தார். 2000ஆம் ஆண்டு ஜூலையில் இந்நகரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில்தான் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. அவர்கள் காலத்தில் அரிய நிபுணத்துவத்தைக் கோரிய காரியங்கள் இன்று ஓரளவு லினக்ஸ் அறிந்த எவருக்கும் ஒரு மாலைப்பொழுதின் வேலையாகிவிட்டன. ஆகையால் மென்பொருளை நிறுவுவது இவ்விஷயத்தில் சிறுபங்கே. நிறுவிய பின் அதன் பொறுப்பை ஏற்று நடத்துவதே பெரும்பங்கு என்பதை வாசகர் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1. உள்ளே நடப்பது என்ன?

ஜிட்சி 2003ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவரின் ஆய்வுப் பணியாகத் தொடங்கி, 2015இல் அட்லாசியன் நிறுவனத்தின் வசமும், 2018இல் எய்ட்-பை-எய்ட் நிறுவனத்தின் வசமும் சென்றபோதிலும், அதன் மூலநிரல் அபாச்சி உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்தே இருந்து வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் கூடுவதும் இந்த மென்பொருளின் வழியாகத்தான். ஃபாஸ்டெம் என்ற ஐரோப்பியத் திறமூல மாநாடு 2021 பிப்ரவரியில் முற்றிலும் இணையத்திலேயே நடந்தபோது, அதன் உரையாடல் அறைகளை இயக்கியதும் இதுவே.

நிறுவப்படும் பகுதிகள் நான்கு. உலாவியின் வேண்டுகோளைப் பெற்றுப் பக்கத்தை அனுப்புவது என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கி. யார் எந்த அறையில் இருக்கிறார் என்ற செய்திகளைப் பரிமாறுவது பிராசடி. ஒவ்வோர் அமர்வையும் தொடங்கி ஒழுங்குபடுத்துவது ஜிகோஃபோ. படத்தையும் ஒலியையும் ஒருவரிடமிருந்து பெற்று மற்றவர்க்கெல்லாம் அனுப்புவது வீடியோபிரிட்ஜ். இந்த வீடியோபிரிட்ஜ் படங்களை ஒன்றாகக் கலந்து புதிய படம் தயாரிப்பதில்லை. வந்ததை வந்தபடியே பிரித்தனுப்புகிறது. அதனால் யந்திரத்தின் கணிப்பு வலிமை அதிகம் செலவாவதில்லை. அதற்குப் பதிலாக இணைப்பின் அகலமே பெரிதும் செலவாகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறித்துக்கொள்வது அவசியம். அறையில் இருவர் மட்டும் இருக்கும்போது, அவர்களுடைய படமும் ஒலியும் பெரும்பாலும் வழங்கியைத் தொடாமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே செல்கின்றன. மூன்றாமவர் நுழைந்த கணத்திலேயே எல்லாம் வீடியோபிரிட்ஜின் வழியாகத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும்போது, வழியிலே எவரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி அவை மறையாக்கம் செய்யப்பட்டிருப்பினும், வழங்கியினுள் அந்த மறை அவிழ்ந்து மீண்டும் பூட்டப்படுகிறது. முனைக்கு முனை மறையாக்கம் என்ற விருப்பத் தெரிவு ஒன்று உண்டு. ஆயினும் அது எல்லா உலாவிகளிலும் செயற்படுவதில்லை. ஆகவே சொந்த வழங்கி வைப்பதால் நம்பிக்கை என்னும் பிரச்சினை ஒழிந்துபோவதில்லை. தூரதேசத்து நிறுவனத்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நம் சபையின் காரியஸ்தர்மேல் மாற்றி வைக்கிறோம். அந்தக் காரியஸ்தர் யார் என்பதைச் சபை வெளிப்படையாகத் தீர்மானித்த பின்னரே மற்றவற்றைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

2. எவ்வளவு பெரிய யந்திரம்?

இருபத்தைந்து பேர் கூடுகிற ஒரு வாசகர் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேசுகிறவரின் பெரிய படம் நொடிக்கு 2 மெகாபிட் அளவிலும், ஏனையோரின் சிறு படங்கள் ஒவ்வொன்றும் சுமார் 0.2 மெகாபிட் அளவிலும் செல்வதாகக் கொண்டால், ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய படமும் இருபத்து மூன்று சிறு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6.6 மெகாபிட் போய்ச் சேர வேண்டும்; அப்படியானால் வழங்கியிலிருந்து வெளியேறும் மொத்தம் 160 மெகாபிட்டைத் தாண்டும். ஒருவருக்கு ஒரே சமயத்தில் எட்டுப் படங்களுக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று அமைப்புக் கோப்பில் வரம்பிட்டால், அதே கூட்டம் சுமார் 85 மெகாபிட்டில் அடங்கிவிடும். இரண்டு மணி நேரம் நடந்தால் வெளியேறும் தரவு ஏறக்குறைய 76 கிகாபைட். வாரந்தோறும் ஒரு கூட்டம் என்றால் மாதத்துக்கு 300 கிகாபைட்டை ஒட்டி வரும். வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் வழங்கியின் மாதாந்தரத் தரவு வரம்பை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நினைவகம் 8 கிகாபைட் இருப்பது உத்தமம். சிறிய கூட்டங்களுக்கு 4 கிகாபைட் போதும். பரீட்சைக்கு மாத்திரம் என்றால் 2 கிகாபைட்டிலும் காரியம் நடக்கும். செயலியில் நமக்கென்றே ஒதுக்கப்பட்ட நான்கு மையங்கள் வேண்டும். பலரும் பங்கிட்டுக்கொள்ளும் மலிவான மையங்களில், அயலாரின் பளு ஏறும் நேரத்தில் நம்முடைய பேச்சாளரின் குரல் துண்டு துண்டாக உடையும். பிராசடி ஒரு மையத்தை மட்டுமே உபயோகிக்கும் இயல்புடையதாகையால், மையங்களை எண்ணிக்கையில் பெருக்குவதைவிட ஒவ்வொன்றும் விரைவுடையதாக இருப்பதே பிரதானம். நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் வரக்கூடுமானால், லினக்ஸ் ஒரு சேவைக்கு அனுமதிக்கும் திறந்த கோப்புகளின் உச்சவரம்பையும் 65,000 அளவுக்கு உயர்த்தி வைக்க வேண்டும்.

3. எங்கே வைப்பது?

மூன்று இடங்கள் சாத்தியம்: சபையின் அலுவலகம், உறுப்பினர் ஒருவரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, வாடகை மெய்நிகர் வழங்கி. நொடிக்கு 1 கிகாபிட் கண்ணாடியிழை இணைப்பு சிங்கப்பூர் வீடுகளில் சர்வசாதாரணமாக இருப்பதால், முதல் இரண்டும் அகலத்தைப் பொறுத்தவரையில் தகுதியானவையே. ஆனால் இணைப்பு வழங்குபவர் நம் ரௌட்டருக்குத் தனித்த பொது முகவரி தருகிறாரா, அன்றிப் பலருக்கும் ஒரே முகவரியைப் பங்கிட்டுத் தருகிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் காணும் வெளி முகவரியும், முகவரியைக் காட்டும் வலைத்தளம் ஒன்றில் தோன்றுவதும் வேறுபட்டால், பங்கிட்ட முகவரி என்று அறிக. அங்கே வழங்கி வைப்பதில் பயனில்லை. மேலும், டன்லப் ஸ்திரீட் போன்ற தெருக்களிலுள்ள பழைய கடைவீடுகளின் மாடியறையில் வைத்த யந்திரம், குளிர்சாதனம் நிறுத்தப்பட்ட இரவுகளின் வெப்பத்தையும், பெருக்க வந்தவர் தவறிப் பிடுங்கும் மின்செருகியையும் தாங்கியாக வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணும்போது, தொடங்குவோருக்கு வாடகை வழங்கியே சிறந்தது.

அவ்வாடகை வழங்கி சிங்கப்பூரிலுள்ள தரவு நிலையத்திலேயே இருக்கட்டும். ஒளி கண்ணாடியிழையில் நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. 2002இல் அமைந்த ஐ-டு-ஐ வடம் சென்னையையும் சிங்கப்பூரையும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டரில் இணைக்கிறது. ஆகவே ஒருவழிப் பயணத்துக்கு 16 மில்லிநொடியே அடிப்படைத் தேவை. அதே இருவரின் உரையாடல் அமெரிக்க மேற்குக் கரையிலுள்ள வழங்கியைச் சுற்றிச் செல்லுமானால், போவதற்கு 14,000 கிலோமீட்டரும் வருவதற்கு அதற்கு மேலும் ஆகி, ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடியை எட்டிவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இயல்பான உரையாடலுக்குப் பரிந்துரைக்கும் எல்லை அதுவே. அதைக் கடந்தால், ஒருவர் முடித்துவிட்டார் என்றெண்ணி மற்றவர் தொடங்க, இருவரும் ஒரே சமயத்தில் பேசி, இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தும் சங்கடம் உண்டாகும். இலக்கிய விவாதத்துக்கு அது பெருங்கேடு.

4. பெயரும் சான்றிதழும்

மறையாக்கப்பட்ட இணைப்பு இல்லாத பக்கத்துக்கு எந்த உலாவியும் காமிராவையும் ஒலிவாங்கியையும் திறந்துவிடாது. ஆகவே டொமைன் பெயர் ஒன்றும், அதற்குரிய சான்றிதழும் இன்றியமையாதவை. சபைக்கு ஏற்கெனவே வலைத்தளம் இருந்தால், அதன் முன்னே 'கூடம்' என்பதுபோல் ஒரு சொல்லைச் சேர்த்துத் துணைப்பெயர் உண்டாக்கி, வழங்கியின் முகவரியை அதற்குச் சுட்டினால் போதும். சிங்கப்பூருக்கு 2011 முதல் '.சிங்கப்பூர்' என்ற தமிழ் உயர்நிலைப் பெயரே அதிகாரபூர்வமாக உண்டு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆயினும் நடைமுறையில், தமிழ்ப் பெயர் உள்ளுக்குள்ளே வேறொரு குறியீட்டு வடிவில் செல்வதால், சில பழைய செயலிகள் தடுமாறக்கூடும்; வழங்கிக்கு எளிய ரோமன் எழுத்துப் பெயரை வைத்து, தமிழ்ப் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டு, அதிலிருந்து இதற்குத் திருப்பிவிடுவது பத்திரமான வழி.

சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்குகிறது. 90 நாள் ஆயுளுடையதென்று பெரிதும் அறியப்பட்ட அச்சான்றிதழைத் தானே புதுப்பிக்கும் நிரலும் உடன் வருகிறது. பெயரைச் சுட்டியது உலகெங்கும் பரவுவதற்கு முன்பே அவசரப்பட்டுச் சான்றிதழ் கேட்டால் முயற்சி தோல்வியுறும். தோல்விகள் அடுத்தடுத்து நேர்ந்தால் சிறிது காலம் மறுக்கவும் படுவோம். எனவே பெயர் சரியான முகவரியைக் காட்டுகிறதா என்று வேறோர் இணைப்பிலிருந்து சோதித்த பின்னரே அடுத்த படிக்குச் செல்க.

5. நிறுவும் கிரமம்

கட்டளை வரிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவன. அவற்றை ஜிட்சியின் அதிகாரபூர்வக் கையேட்டிலிருந்து அன்றன்றே எடுத்துக்கொள்வது நலம். வரிசையையும் அதன் காரணத்தையும் மாத்திரம் இங்கே தருகிறேன்.

முதலாவது, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ டெபியனின் நிலைப்பதிப்பையோ புதிதாக நிறுவி, எல்லா மேம்படுத்தல்களையும் செய்துகொள்ளுங்கள். வேறு வலைத்தளங்கள் ஓடும் யந்திரத்தில் ஜிட்சியைச் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது, நிர்வாகிக்குத் தனிப் பயனர் கணக்கு ஏற்படுத்தி, கடவுச்சொல்லால் நுழைவதை நீக்கி, எஸ்எஸ்எச் சாவியால் மட்டுமே நுழையும்படி செய்யுங்கள்.

மூன்றாவது, யந்திரத்தின் பெயரை முழு டொமைன் பெயராக அமைத்து, நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். சென்னை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. "மாலை ஐந்தரைக்கு அறை திறக்கவில்லை" என்று அங்கிருந்து ஒருவர் முறையிட்டால், பதிவேட்டில் இரவு எட்டு மணி வரிகளைப் பார்க்க வேண்டும் என்பது உடனே விளங்கும்.

நான்காவது, பிராசடியின் களஞ்சியத்தையும் ஜிட்சியின் களஞ்சியத்தையும், அவற்றின் கையொப்பச் சாவிகளோடு, ஆப்ட் கருவிக்கு அறிமுகப்படுத்துங்கள். சாவியைச் சேர்க்காமல் எச்சரிக்கையைப் புறக்கணித்து மேற்செல்வது கூடாது. பெறும் பொதி உண்மையானதா என்று யந்திரம் அறிவதற்கு வேறு வழியில்லை.

ஐந்தாவது, ஜிட்சி-மீட் பொதியை நிறுவுங்கள். தேவையான ஜாவாவும் முன்சொன்ன நான்கு பகுதிகளும் தாமே வந்து சேரும். இடையில் எழும் கேள்விகளுள் முக்கியமானவை இரண்டு: டொமைன் பெயர் யாது, சான்றிதழ் எவ்வகை. முதலாவதற்குப் பிழையின்றி முழுப் பெயரையும் தட்டச்சு செய்யுங்கள். பின்னால் அதை மாற்றுவது பல கோப்புகளைத் திருத்தும் சிரமமான வேலை.

6. வாயில்களும் மூவர் பரீட்சையும்

தீயரணில் திறக்க வேண்டிய வாயில்கள் இவை: டிசிபி 80, சான்றிதழ் பெறுவதற்கு; டிசிபி 443, பக்கத்துக்கு; யூடிபி 10000, படத்துக்கும் ஒலிக்கும்; யூடிபி 3478, டிசிபி 5349 ஆகிய இரண்டும், யூடிபியைத் தடுக்கும் அலுவலக வலைகளிலிருந்து வருவோர்க்கு மாற்றுவழி கொடுப்பதற்கு. நிர்வாகிக்குரிய டிசிபி 22ஐத் தெரிந்த முகவரிகளுக்கு மாத்திரம் விடுங்கள். வாடகை வழங்கிகளில் லினக்ஸினுள் ஒரு தீயரணும், வாடகைக்கு விடுபவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் மற்றொன்றும் இருக்கக்கூடும். இரண்டிலும் திறந்தால்தான் வழி உண்டு.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். நிறுவியவர் தம் மடிக்கணினியிலிருந்தும், மனைவியின் கைப்பேசியிலிருந்தும் அறைக்குள் நுழைந்து பார்க்கிறார். படமும் குரலும் தெளிவாக வருகின்றன. எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்து உறுப்பினர்க்கு அழைப்பு அனுப்புகிறார். மறுநாள் கூட்டத்தில் மூன்றாமவர் நுழைந்ததும் எல்லோருடைய படமும் கறுத்து, குரல் அற்று, பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. முன்னே சொன்னபடி, இருவர் பேச்சு நேரடியாகச் சென்றுகொண்டிருந்ததால் யூடிபி 10000 மூடியிருந்தது வெளிப்படவில்லை. எனவே பரீட்சைக்கு மூவர் வேண்டும். அவர்களுள் ஒருவர் கைப்பேசித் தரவிலும், ஒருவர் வீட்டு வலையிலும், ஒருவர் கூடுமானால் ராஃபிள்ஸ் பிளேஸ் போன்ற இடத்திலுள்ள அலுவலக வலையிலும் இருத்தல் வேண்டும். மூவருக்கும் படம் வராவிட்டால் யூடிபி 10000ஐப் பாருங்கள். வாயில் திறந்திருந்தும் வராவிட்டால், யந்திரம் ரௌட்டருக்குப் பின்னே உள்ளக முகவரியில் இருக்கக்கூடும்; அப்படியானால், வீடியோபிரிட்ஜின் அமைப்பில் உள்ளக முகவரியையும் பொது முகவரியையும் இணைத்துக் குறிப்பிட்டு, சேவையை மறுபடி தொடங்குங்கள். அலுவலகத்தவருக்கு மட்டும் வராவிட்டால், மாற்றுவழிக்கான டர்ன் சேவை இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

7. பிரவேச விதிகள்

நிறுவிய உடனே இருக்கும் நிலையில், முகவரி தெரிந்த எவரும் நம் வழங்கியில் அறை திறக்கலாம். அந்த நிலையில் ஒரு நாள்கூட விடாதீர்கள். பிராசடியின் அமைப்பில் பெயரறியாப் பிரவேசத்தை மாற்றிக் கடவுச்சொல் கேட்கும்படி செய்து, விருந்தினர்க்கென வேறொரு உள்டொமைனை ஏற்படுத்தி, ஜிகோஃபோவுக்கும் அச்செய்தியை அறிவித்துவிட்டால், கணக்குள்ள நிர்வாகி வந்து திறந்த பின்னரே விருந்தினர் நுழைய முடியும். செயலாளர், துணைச் செயலாளர், வகுப்பாசிரியர் என்று பொறுப்புக்கு ஒரு கணக்கு வீதம் கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வேண்டாம்.

சிறுவர் பயிலும் வகுப்புகளுக்கு முன்கூட வசதியையும் இயக்குங்கள். வருவோர் காத்திருக்க, ஆசிரியர் பெயரைப் பார்த்து ஒவ்வொருவராக அனுமதிப்பார். பத்துப் பேருக்குப் பின் வருவோரின் ஒலிவாங்கியும் காமிராவும் அணைந்த நிலையிலேயே தொடங்கும்படி அமைப்புக் கோப்பில் குறித்துவைத்தால், தாமதமாக வருபவர் வீட்டு மிக்சியின் ஓசை பேச்சாளரை மறைக்காது.

ஞாயிறு மாலைகளில் தேக்காவைச் சுற்றியுள்ள திடல்களில் அமர்ந்து கைப்பேசியின் வழியே கூட்டத்தில் கலந்துகொள்ளும் ஊழியச் சகோதரர்களை மறக்கலாகாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடும் அவ்விடத்தில் கைப்பேசி அலைவரிசை நெரிசலாக இருக்கும். தரவுக்கு அவர்கள் செலுத்தும் பணமும் அருமையானது. ஆரம்பப் படத் தரத்தை 360 வரிக்குக் குறைத்து வைப்பதும், படமின்றிக் குரலை மட்டும் பெறும் முறையைக் கூட்டத் தொடக்கத்தில் தமிழில் விளக்கிச் சொல்வதும் அவர்களுக்குச் செய்யும் உண்மையான உபகாரம். கவிதை வாசிப்புக்குக் குரல் போதும்.

கூட்டத்தில் ஒரு பகுதியினர் மண்டபத்திலும் மறு பகுதியினர் திரையிலும் இருப்பராயின், மண்டபத்தில் ஒரே கணினி, ஒரே ஒலிவாங்கி, ஒரே ஒலிபெருக்கி என்ற நியமத்தைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். மண்டபத்தில் இருந்துகொண்டே ஒருவர் தம் கைப்பேசியிலும் அறையைத் திறந்தால், அவருடைய ஒலிவாங்கி ஒலிபெருக்கியின் ஓசையைப் பிடித்துத் திரும்ப அனுப்ப, சில நொடிகளில் ஊளை கிளம்பும். அந்நேரத்தில் வழங்கியைப் பழிப்பதில் பயனில்லை.

8. பதிவு செய்தல்

பதிவு செய்ய ஜிப்ரி என்ற தனிப் பகுதி உண்டு. அது மறைவாக ஒரு குரோம் உலாவியைத் திறந்து, தானும் ஒரு பங்கேற்பாளராக நுழைந்து, கண்டதையும் கேட்டதையும் காணொளியாக்குகிறது. ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தையே பதிவு செய்யும். பளு மிகுந்த வேலையாகையால் அதைத் தனி யந்திரத்தில் வைக்க வேண்டும். தினசரித் தேவை இல்லாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நலம்.

தவிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஸ்தாபனம் ஒன்று ஒருவரின் தகவலைத் திரட்டுவதற்கு முன், நோக்கத்தைத் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. ஒருவரின் முகமும் குரலும் அவரை அடையாளம் காட்டுவனவே. ஆகவே பதிவு செய்யப்படும் என்பதை அழைப்பிலேயே எழுதி, தொடக்கத்தில் வாயாலும் சொல்லி, எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்க்கலாம், எப்போது அழிப்போம் என்பதைச் செயற்குழுத் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள். சொந்த வழங்கியில் பதிவு இருப்பது பாதுகாப்பைத் தானாகக் கொண்டுவராது. அதைக் காக்கும் கடமையையே நம்மிடம் கொண்டுவருகிறது.

9. பராமரிப்பும் ஒப்படைப்பும்

மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத நாளொன்றில், அமைப்புக் கோப்புகள் அடங்கிய அடைவை வேறிடத்தில் பிரதி எடுத்து, மேம்படுத்தல்களைச் செய்து, மூவர் பரீட்சையை மறுபடி நடத்துங்கள். பிரதியை எடுத்ததோடு நில்லாமல், வருஷம் ஒருமுறையாவது புதிய யந்திரமொன்றில் அதைக் கொண்டு கூடத்தை மீண்டும் எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பாராத பிரதியை நம்பிச் சபை தன் கூட்டத்தை ஒப்படைக்கலாகாது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே ஏற்கும்படி லினக்ஸை அமைக்கலாம். ஆனால் ஜிட்சிப் பொதிகளைக் கண்காணிப்போடு கையாலேயே மேம்படுத்துக, ஏனெனில் புதிய பதிப்பு நம் பிரவேச விதியின் அமைப்பைச் சில சமயங்களில் மாற்றக்கூடும். விழாக் காலத்துக்கு முந்திய வாரத்தில் எதையும் தொட வேண்டாம். குறிப்பாக, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் உங்கள் ஸ்தாபனத்துக்கு நிகழ்ச்சி இருந்தால், மார்ச் மாதத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

தன்னார்வத்தால் நடக்கும் சங்கங்களில் வழங்கி பழுதாவதைக் காட்டிலும் அதிகமாக நேர்வது, அதை அமைத்தவர் வேலை மாறியோ ஊர் திரும்பியோ விலகிவிடுவதுதான். டொமைன் அவர் பெயரில், வாடகை அவர் கடன் அட்டையில், சாவி அவர் மடிக்கணினியில் என்றிருந்தால், சபைக்குச் சொந்தம் என்று நாம் சொன்னதெல்லாம் பெயரளவுக்கே. ஆகவே டொமைனும் வாடகைக் கணக்கும் சபையின் மின்னஞ்சல் முகவரியிலும் சபையின் வங்கிக் கணக்கிலும் இருக்கட்டும். நிர்வாகச் சாவி குறைந்தபட்சம் இருவரிடம் இருக்கட்டும். வழங்கியின் முகவரி, பெயர் காலாவதியாகும் தேதி, திறந்திருக்கும் வாயில்கள், பிரதி இருக்கும் இடம், கணக்கு வைத்திருப்போர் பட்டியல், கடைசியாகச் செய்த மாற்றம் ஆகிய ஆறு விஷயங்களை ஒரே தாளில் எழுதி, கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவைச் சமர்ப்பிப்பதுபோல, வழங்கியைக் காப்பவரும் இந்தத் தாளைச் சமர்ப்பித்து, அடுத்த வருஷத்துக்குரியவரிடம் எல்லோர் முன்னிலையிலும் ஒப்படைக்க வேண்டும் என்று விதிகளிலேயே சேர்த்துவிடுங்கள். அவ்விதியை நிறைவேற்றத் தயாராக இல்லாத சபை, பெருநிறுவனங்களின் சேவையிலேயே தொடர்வது நேர்மையான முடிவாகும். தயாராக இருக்கும் சபை, இந்த அத்தியாயத்தின் முதற்படியை இவ்வாரமே தொடங்கலாம்.